குல்லன் ஃபிளாட்டுக்குப் புதன்கிழமை

“பத்தொன்பது வருஷத்துல ஒரு புகார்கூட வந்ததில்லைங்க,” என்றார் வார்விக் பெருமையாக.

“அதான் நானும் சொல்றேன். யாராவது படிச்சாத்தானே புகார் வரும்?” என்றாள் ரொவீனா.

வார்விக்குக்குச் சுருக்கென்றது. ரொவீனா, மெரிண்டேல் வட்டார நூலகங்களுக்குப் புது மேனேஜர். நகரத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் மேசைமேல் கிடந்த நான்கு பக்க மாத மடலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், செத்த எலியைத் தூக்குவதுபோல.

அந்த மடலுக்கு ‘அலமாரி’ என்று பெயர். வட்டாரத்தின் ஒன்பது நூலகச் செய்திகளும் அதில் வரும். எந்த ஊருக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, எந்த ஊர்ப் பின்னல் குழு எத்தனை கம்பளி பின்னியது, நூலக வேன் எந்த ஊருக்கு எந்தக் கிழமை வருகிறது, வந்தால் அங்கே என்ன நிகழ்ச்சி. எழுதுவது, படம் ஒட்டுவது, மடிப்பது, உறையில் போடுவது எல்லாம் வார்விக் ஒருத்தர்தான். மனிதருக்கு அது உயிர். குழந்தை குட்டி இல்லாத வீடு. மாதாமாதம் ஒரு ‘அலமாரி’ பிறந்துகொண்டிருந்தது.

“நிறுத்திடலாம், வார்விக். ஒரு மெயில் அனுப்பினாப் போதும்.”

“அந்தப் பக்கம் பாதி ஊர்ல சிக்னலே கிடையாதுங்க.”

“சரி, ஒரு கடைசி வாய்ப்பு. இந்த மாசம் மடல்ல மட்டும் விளம்பரம் பண்ணுங்க. சுவரொட்டி கூடாது, போன் கூடாது, ரேடியோ கூடாது. மடலைப் பார்த்து ஒரு ஊர்ல முப்பது பேர் வந்துட்டா, மடல் தொடரட்டும். வரலைன்னா இதோட முடிச்சுக்கலாம். நானே கூட வந்து எண்ணுவேன்.”

சொன்னதோடு நிற்காமல், கட்டைவிரலால் அமுக்கினால் டிக்கென்று எண்ணிக்கை ஏறும் ஒரு சின்னக் கருவியையும் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினாள். பெரிய ஆள்தான்.

வார்விக் அன்றே வேலையில் இறங்கினார். ஆனால் முதல் கோணல் அன்றே வந்துவிட்டது. நூலக வேனை ஓட்டும் மெர்வ், முட்டி ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எந்த வாரம் எந்தக் கிழமை எந்த ஊர் என்று மெர்வ்தான் ஷெட் கதவில் சாக்குக்கட்டியால் எழுதிவைப்பார். வார்விக் ஜன்னல் வழியாகப் பார்த்து அதை அப்படியே மடலில் ஏற்றிவிடுவார். இந்த மாதம் ஷெட் கதவு காலி.

“வண்டியை நானே ஓட்டுறேன்,” என்றார் வார்விக்.

“உங்களுக்கு அந்த ஊரெல்லாம் தெரியுமா?”

“தெரியாம என்ன? பத்தொன்பது வருஷமா எழுதுறேனே.”

எழுதினார் என்பது உண்மை. போனதில்லை என்பதும் உண்மை. அவர் மடலை மடிக்க மெரிண்டேலில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

மேப்பை விரித்து, மணிக்கணக்கு போட்டு, மூன்று முறை சரிபார்த்தார். மூன்றாம் வாரம் செவ்வாய் காலை கிளம்புவது, வழியில் தங்குவது, புதன் மதியம் இரண்டு மணிக்கு குல்லன் ஃபிளாட்டில் நிகழ்ச்சி, வியாழன் காலை பத்து மணிக்கு யாரவூலில் நிகழ்ச்சி. இவ்வளவு கவனமாக அவர் எந்த மடலையும் போட்டதில்லை. முன்பக்கத்தில் முக்கால்வாசிக்கு ஒரு மலைப்பாம்பின் படம். பாம்பு பிடிக்கும் கிளைவ் பேசுகிறார், பாம்பும் நேரில் வருகிறது, ஜாமும் கிரீமும் வைத்து ஸ்கோன் பன் உண்டு, டீ உண்டு.

“பாம்பு வேணுமா?” என்றாள் ரொவீனா.

“நீங்க மடல்ல மட்டும்தான் விளம்பரம்னு சொன்னீங்க. மடல்ல என்ன போடணும்னு சொல்லலையே.”

புதன்கிழமை மதியம் ஒன்றேமுக்காலுக்கு வேன் குல்லன் ஃபிளாட்டில் போய் நின்றது. ஊர் மண்டபத்தின் கதவைத் திறந்தார்கள். அறுபது நாற்காலி போட்டார்கள். ஸ்கோன்களைக் கோபுரமாக அடுக்கினார்கள். கிளைவ் பாம்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விட்டார். அதற்குப் பெட்டூனியா என்று பெயர். இரண்டரை மீட்டர் நீளம். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தூங்கிப்போயிற்று.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டே கால். இரண்டரை.

தெருவில் ஈ காக்கை இல்லை. புதன்கிழமை பக்கத்து ஊரில் ஆட்டுச் சந்தை. கடை கண்ணியெல்லாம் பூட்டிக்கொண்டு ஊரே அங்கே போயிருந்தது. ஒரே ஒரு நாய் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது.

“நாயை எண்ணலாமா?” என்றார் கிளைவ்.

“கூடாது,” என்றாள் ரொவீனா. அவள் கட்டைவிரல் கருவியின்மேல் அப்படியே இருந்தது.

வார்விக்கால் பொறுக்க முடியவில்லை. வேனில் ஏறி ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அது சரக்கு லாரிக்காரர் ஒருவர் காதில் விழுந்தது. ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர், யாருக்கோ ஆபத்து என்று நினைத்து லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

“ஒண்ணும் ஆகலை, வாங்க, வாங்க! உட்காருங்க. ஸ்கோன் சாப்பிடுங்க,” என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தார் வார்விக். ரொவீனா ஒரு டிக் போட்டாள்.

லாரிக்காரர் ஸ்கோனைக் கையில் எடுத்தார். ஜாம் எங்கே என்று மேசையைப் பார்த்தார். ஜாமுக்குப் பின்னாலிருந்து பெட்டூனியா தலையைத் தூக்கியது. அவ்வளவுதான். ஆறடி மனிதர் மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். சாயும்போது மேசைத் துணியையும் கூடவே இழுத்துக்கொண்டார். கிரீம் சுவரெல்லாம் தெறித்தது.

தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண் திறந்தவர் பாம்பை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து ஓடியே போய்விட்டார். லாரி கிளம்பிய வேகத்தில் மண்டபத்துக்குள் புழுதி வந்து உட்கார்ந்தது.

“மயக்கம் போட்டவர் கணக்குல உண்டா?” என்று மெதுவாகக் கேட்டார் வார்விக்.

“அவர் மடலைப் பார்த்து வரலை,” என்றாள் ரொவீனா. எண்ணிக்கையைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

அன்று அவர்கள் யாரவூலில் போய்த் தங்கினார்கள். வார்விக் சாப்பாட்டைத் தொட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. வியாழன் காலை பத்து மணிக்கு அங்கேயும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது, பத்தேகாலுக்கு ஒரு முடிவுக்கு வந்தார்.

“கிளைவ், பாம்பை என் கழுத்துல போடு.”

“எதுக்கு?”

“கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போயிட்டு வர்றேன். மடல்ல வந்த பாம்பைப் பார்த்தா ஞாபகம் வராமலா போகும்?”

கிளைவ் போட்டுவிட்டார். பாம்பு கனமாக இருந்தது. வார்விக் வெளிறிய முகத்தோடு, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். ரொட்டிக் கடைக்குள் தலையை நீட்டி, “வணக்கம்! நூலகத்துல...” என்றார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. முடிதிருத்தும் கடையில், “நிகழ்ச்சி இப்பதான்...” என்றார். சோப்பு நுரையோடு ஒருவர் பின்வாசல் வழியாக ஓடினார். யாராவது ஒரு வார்த்தை பதில் பேச நின்றிருந்தால்கூடத் தேவலை. பத்து நிமிடத்தில் யாரவூல் கடைத்தெரு முழுக்கச் சாத்திக்கிடந்தது.

திரும்பி வேனுக்கு வந்தவர், பாம்பைப் புத்தக அலமாரி ஓரமாக இறக்கிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிளைவ் பையோடு வந்தார்.

“பாம்பு எங்க?”

“இங்கதான் வச்சேன்.”

“இங்கன்னா எங்க?”

சமையல் புத்தகங்களைக் கலைத்தார்கள். துப்பறியும் கதைகளைக் கலைத்தார்கள். மூவாயிரம் புத்தகம் உள்ள வேனில் ஒரு பாம்பு ஒளிய நினைத்தால் இடமா இல்லை?

“வண்டிக்குள்ளதான் இருக்கு, எங்கயும் போகாது,” என்று ஆறுதல் சொன்னார் கிளைவ்.

“அதான் எனக்கு பயமா இருக்கு,” என்றாள் ரொவீனா.

வேறு வழியில்லை. ஊர் திரும்ப அந்த ஒரே சாலைதான், அந்த ஒரே வேன்தான். ரொவீனா முன் சீட்டில் இரண்டு காலையும் தூக்கி மடித்துவைத்து, கைப்பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். கிளைவ் பின்னால் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார். பாதி தூரம் வந்தாயிற்று, பாம்பு அகப்படவில்லை.

“வார்விக்,” என்றாள் ரொவீனா கடைசியில். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “நீங்க முயற்சி பண்ணீங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ரெண்டு ஊர்லயும் ஒருத்தர்கூட... கடைசி மடலை நீங்களே எழுதிடுங்க. நல்லா விடைகொடுத்து எழுதுங்க.”

“யாருக்குங்க எழுதறது?” என்றார் வார்விக். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம். இருநூற்றிச் சொச்சம் மடல். ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே படிக்கிறார் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தார். அந்த யாரோ ஒருவர் கிடையவே கிடையாது.

மதியம் இரண்டு மணிக்குக் குல்லன் ஃபிளாட் வந்தது. வார்விக் பிரேக்கை மிதித்தார்.

மண்டபத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வண்டிகள். சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள். நேற்று ஒரே ஒரு நாய் எட்டிப் பார்த்த இடத்தில் நிற்க இடமில்லை.

“ஐயையோ, யாராவது செத்துட்டாங்களா?” என்றாள் ரொவீனா.

“நேத்து அந்த லாரிக்காரர்...” என்று இழுத்தார் வார்விக்.

அதற்குள் வேனைப் பார்த்துவிட்டார்கள். மண்டபத்திலிருந்து ஜனங்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். ஆட்டுப்பண்ணைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை, சக்கர நாற்காலியில் ஒருவர். எல்லோர் கையிலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து கேக் செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

ரொவீனா காலைக் கீழே இறக்க மறந்து, சீட்டில் குந்தியபடியே எண்ணத் தொடங்கினாள். டிக், டிக், டிக். முப்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. எழுபத்திரண்டில் அவள் விரலே நின்றுவிட்டது.

தபால் கடை நடத்தும் ஐவி ட்ரெலோர் வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான குரல். பெரிய எழுத்துப் புத்தகங்கள் வரிசைக்குப் பின்னால் வால் நுனி தெரிந்த இடத்தில் கையை விட்டு, பெட்டூனியாவைக் கழுத்தோடு பிடித்து வெளியே எடுத்தாள்.

“இதானா பேப்பர்ல போட்ட பாம்பு? படத்துல பெருசாத் தெரிஞ்சுது. எங்க கோழிக்கூண்டுல வர்றது இதுக்கு அப்பன் மாதிரி இருக்கும்.” பாம்பைக் கிளைவ் கையில் கொடுத்துவிட்டு வார்விக் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் வார்விக்கா? அட, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பார்க்கிறேன்! உங்க ‘அலமாரி’ எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுலதான் எப்பவும் இருக்கும். போன மாசம் எங்க பின்னல் குழு பத்தி எழுதினீங்களே, என் நாத்தனார் பேரை முதல்ல போட்டீங்களே, அதுக்கு இன்னும் நான் உங்க மேல கோபமாத்தான் இருக்கேன்.”

கோபம் என்று ஒருத்தி சொன்னதற்கு வார்விக் முகம் அப்படி மலர்ந்ததை ரொவீனா வியப்போடு பார்த்தாள்.

ஆனால் அவள் மேனேஜர் ஆயிற்றே, விடுவாளா? எழுபத்திரண்டு என்று காட்டிய கருவியோடு கீழே இறங்கினாள்.

“ஒரு நிமிஷம். நீங்க எல்லாரும் மடலைப் படிச்சுட்டுத்தான் வந்தீங்களா?”

“பின்னே?” என்றது கூட்டம்.

“அதுல புதன்கிழமைன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தோமே! இன்னைக்கு வியாழன். ஒருத்தராவது சரியாப் படிக்கலையா?”

கூட்டம் தர்மசங்கடமாக நெளிந்தது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ஐவி மட்டும் ரொவீனாவின் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிப்போய், வார்விக் காதில் விழாது என்று தானாக நினைத்துக்கொண்ட குரலில் சொன்னாள்:

“மெல்லப் பேசும்மா, மனுஷன் மனசு நோகப் போகுது! வண்டி அங்க கிளம்புற நாளைத்தான் அவர் எப்பவும் இங்க வர்ற நாளுன்னு போடுவாரு. வாயைத் திறந்து ஒரு புகார் சொல்லாம, பத்தொன்பது வருஷமா நாங்க எல்லாரும் ஒரு நாள் கூட்டிக் கூட்டித்தானே வந்துகிட்டிருக்கோம்!”