பார்சல்கள் பற்றி ஸைனம்புவுக்கு

சாய்ந்தமருது,
திங்கட்கிழமை.

அன்புள்ள மனைவி ஸைனம்புவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் மற்ற இரண்டு பேரும் சுகம். அக்கரைப்பற்றில் நீயும் உன் உடன்பிறந்த ராத்தா றாபியாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இதை நானே எழுதுகிறேன். பள்ளிவாசல் முதியோர் வகுப்பில் ஆறு மாதம் படித்த கை. வரி ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். சண்டை வந்தால் ஆண்தான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவான். நாற்பத்தாறு வருடத்தில் நானும் முறைப்படி நாலைந்து தடவை வெளியேறி, கடற்கரையில் உட்கார்ந்து, பசித்ததும் திரும்பியிருக்கிறேன். இந்த முறை நீ போய்விட்டாய். உன் உம்மா உனக்குத் தந்த வீட்டில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். நேற்று ழுஹர் தொழப் போகும்போது பக்கத்து வீட்டுப் பாயிஸ் கேட்கிறான், "என்ன மாமா, வீட்டுக்காறிய அனுப்பிப்போட்டு வீட்டப் புடிச்சிட்டீங்களாம்?" செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் மகள் றிஸ்லா கொழும்புக்கு மாறிப் போகும்போது விட்டுப்போன கினிகள் இரண்டும், எலியுமில்லாமல் முயலுமில்லாமல் நடுவில் நின்றுபோன அந்தப் பிராணிகள், பெயரின் பின்பாதி ஹராம் என்பதால் முழுப் பெயரை நம் வீட்டில் வாயால் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும், அவற்றுக்கு நான் சாமான் வாங்கியது ஆசையால் அல்ல. வாசித்துப் பழகத்தான் போனைத் திறந்தேன். கீழே மஞ்சள் பெட்டிக்குள் 'இப்போதே வாங்குங்கள்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். எழுபத்திரண்டு வயதுவரை எந்த எழுத்தும் என்னோடு கதைத்ததில்லை. முதன்முதலாகக் கதைக்கிறது, அதுவும் மரியாதை கொடுத்துக் கதைக்கிறது. எப்படி மாட்டேன் என்பது? அழுத்தினேன். படங்களுக்குக் கீழே, 'மிக நல்லது, என் கினிக்குச் சந்தோஷம்' என்று முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதியிருந்தார்கள். அச்சில் வந்ததைச் சந்தேகிக்கும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

படத்தில் கொழுத்த கினி ஒன்று கால் நீட்டித் தூங்கிய ஏணைத் தொட்டில், கையில் வந்தபோது ஒரு பேரீச்சம்பழம் படுக்கலாம் போல இருந்தது. தண்ணீர்ப் போத்தல் இரண்டு நாள் ஒரு சொட்டும் விடாமல் இருந்து மூன்றாம் நாள் முழுவதையும் ஒரேயடியாக விட்டது. ஓடும் சக்கரத்தை அதுகள் ஏறிட்டும் பார்க்கவில்லை, நான்தான் விரலால் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டும் தூங்குவது நீ வீச வைத்திருந்த பனையோலைப் பெட்டிக்குள். பார்சல் கொண்டுவரும் பர்ஸான் ஒருநாள், "மூத்தம்மா, இந்த றோட்டுல உங்கட வீட்டுக்குத்தான் கூட வாறன். கடை போடப் போறீங்களா?" என்று கேட்டதும், நீ அடுப்படியில் இருந்தே, "கடையில்ல மனே, எலிக்குச் சீதனம் சேக்கிறாரு" என்றதும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீயும் சிரித்தாய். அதை நம்பித்தான் அதுகள் ஒளிந்து விளையாட அந்தச் சிவப்புத் துணிக் குகையையும் வாங்கினேன்.

குகையில் மூத்திரம் பட்டிருந்தது. உனக்கு வேலை வைக்கக் கூடாதென்று நானே வாளியில் போட்டேன். அடியில் உன் வெள்ளைத் தொழுகைப் புடவை ஊறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எடுத்தபோது அது றோசாப்பூ நிறம். நீ கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். "நிறத்த விடுங்க. எலி மூத்திரத்தோட என்ட தொழுகைப் புடவய ஊறப்போட்டீங்களே. ஒண்டில் இதுகள் இரிக்கட்டும், இல்லாட்டி நான் இரிக்கன்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாய்.

ஸைனம்பு, சவூதியில், தம்மாமில் சமையல்காரனாக இருந்த எட்டு வருடமும் உனக்கு வந்த கடிதங்கள் நான் எழுதியவை அல்ல, மக்கீன் எழுதியவை. எங்கள் அறையில் பதினொரு பேருக்கும் அவன்தான் எழுத்து. எல்லோருடைய மனைவிக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறும். உன் பதில் வந்தால் அதையும் அவன்தான் சத்தமாக வாசிப்பான். கோழி அடைகாக்கிறது என்று நீ எழுதியிருந்தால் மற்றப் பத்துப் பேரும் மறுநாள் என்னிடம் கோழியை விசாரிப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு உனக்கு என்னத்தைச் சொல்ல? அதனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த எட்டு வருடமும் என் கட்டிலில் நான் இடது பக்கம் மட்டும்தான் படுத்தேன். மக்கீன் கேட்பான், "ஏன்டாப்பா சுவரோட ஒட்டிக் கிடக்கிற?" வெக்கை என்பேன். இப்போதும் நீ பஸ் ஏறிய நாளிலிருந்து அப்படித்தான் படுக்கிறேன், இங்கே வெக்கை என்று சொல்லவும் ஆளில்லை.

ஆகவே முடிவு எடுத்துவிட்டேன். இனிப் பார்சல் இல்லை. வெள்ளிக்கிழமை காரைதீவிலிருந்து, முயல் வளர்க்கும் குணம் என்பவர் வருவார், கினிகள் இரண்டையும் அவரிடம் கொடுக்கிறேன். கேற்றுச் சத்தம் கேட்டால் அதுகள் விசிலடிக்கும், அது இல்லாமல் போகும், போகட்டும். புதிய தொழுகைப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். கல்முனையில், கடையில், கையால் தொட்டுப் பார்த்து எடுத்தது. நீ வா.

றாபியா ராத்தாவுக்கு என் ஸலாம். உன் காலுக்குத் தைலம் பூச மறக்காதே. அல்லாஹ் உன்னை நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இருக்கும்,
மீராசா.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் எழுதி முடிய ஐந்து நாள் எடுத்தது. நீ செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகை நேரத்துக்கே ஒரு பை புல்லோடு வந்துவிட்டாய். "உங்களுக்காக வரல்ல, இதுகள் பட்டினி கிடக்குமெண்டுதான் வந்தன்" என்றாய். சற்று முன் வந்த குணத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து, "அது குடுக்கிறதுக்கில்ல தம்பி" என்று அனுப்பியும் விட்டாய். இப்போது அடுப்படியில் நிற்கிறாய், என்ன எழுதுறீங்க என்று இரண்டு தடவை கேட்டாய், பாடம் என்றேன். நீ வந்த பிறகும் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. அக்கரைப்பற்று விலாசத்தை வெட்டிவிட்டு நம் விலாசம் எழுதி, நாளைக்குக் கல்முனைக்குப் போய்த் தபாலில் போடுவேன். ஆள் வந்து வாசலில் உன் பெயரைக் கூப்பிட்டால், பார்சல் என்று நினைத்து ஏசி அனுப்பிவிடாதே. வாங்கி, நான் இல்லாத நேரம் பார்த்து வாசி.