முழங்கைக்கு எலாஸ்டிக் தைத்தவர்

ஒரே வாரத்தில் மகளின் மட்டை வீச்சைச் சரிசெய்தே தீருவது என்று அந்தத் தையற்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு கட்டினார். சாஃப்ட்பால் மட்டையை அவர் அதுவரை தொட்டதுகூட இல்லை. அதனாலென்ன? முப்பது வருஷமாக ஊரார் தோளையும் இடுப்பையும் அளந்தவருக்குத் தெரியாத உடம்பா?

மகளுக்குப் பதினைந்து வயது. போன வருஷம் முழுக்கப் பள்ளி அணியின் பெஞ்சைத் தேய்த்தவள். பந்து தாண்டிப் போன பிறகுதான் அவள் மட்டை கிளம்பும். வருகிற சனிக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. இந்தத் தடவையும் நழுவினால் இனி அந்த அணியில் இடமே இல்லை. பாவம், பிள்ளை சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தையற்காரர் வீட்டுக்குப் பின்னால் துணிக்குக் குறி போடும் சாக்குக் கட்டியால் இரண்டு பாதங்கள் வரைந்து, அதில் மகளை நிறுத்தினார். முழங்கை விலகுகிறது என்று கண்டுபிடித்தார். உடனே அகல எலாஸ்டிக் எடுத்து, அவள் சட்டையின் முழங்கையையும் இடுப்பையும் சேர்த்துத் தைத்தே விட்டார். தோளை இறக்கு, மோவாயை உள்ளே இழு, குதிகாலைத் திருப்பு என்று மொத்தம் பதினொரு கட்டளை. பிள்ளை பதினொன்றையும் நினைத்துக்கொண்டு வீசினாள். எலாஸ்டிக் சுண்டி இழுத்தது. மட்டை பறந்துபோய், துணி ஊறிக்கொண்டிருந்த வாளியைக் கவிழ்த்தது. அவர் எறிந்த பந்து மட்டும் அலுங்காமல் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது.

சமையலறை வாசலில் நின்று மனைவி இதைப் பார்த்தாள். பெண் பந்தைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்பது அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்தது. நேராகச் சொன்னால் அவர் சனிக்கிழமை வரை வாதாடுவார். கடவுளே, யார் மனசும் நோகாமல் ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டு படுத்தாள். மறுநாள் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியாளர் அம்மாளைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு அளவுப் பட்டியலோடு திரும்பினாள்.

"என்னங்க, தேர்வுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நம்பர் போட்ட சட்டை வேணுமாம். பதினாறு. சனிக்கிழமை காலையில."

"பதினாறா? யாரால முடியும்?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அப்ப வேற டெய்லரைப் பாத்துக்கறோம்னாங்க."

"எந்த டெய்லர்?"

"யாரோ. முதுகுல நம்பரை நேரா வைக்கத் தெரிஞ்சா போதுமாம். உங்களுக்கு எங்க நேரம், பயிற்சி குடுக்கணுமே."

அவர் அதற்குள் ஊசியில் நூல் கோத்தாயிற்று. "பயிற்சியை ஜன்னல் வழியாவும் குடுக்கலாம்டி."

"ஆமால்ல, எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

அன்றிலிருந்து பின்னறையில் மெஷின் கடகடவென்று ஓடியது. அதை மிதித்தபடியே அவர் ஜன்னலைப் பார்த்துக் கட்டளை இட்டார். வீட்டுக்குப் பின்னால் மனைவி எலாஸ்டிக்கைப் பிரித்துப் போட்டாள். வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று உருட்டிக் கட்டினாள். ஜன்னலை மறைத்தாற்போல் கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு உருண்டையாக எறிந்தாள். முதலில் நிறத்தைச் சொல், பிறகு அடி. அவ்வளவுதான் பாடம். முதல் நாள் பிள்ளை நிறம் சொல்வதற்குள் உருண்டை போய்விட்டது. வெள்ளிக்கிழமை, அம்மா கையிலிருந்து கிளம்பும்போதே நிறம் சொன்னாள். போர்வை அடி தாங்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது.

சனிக்கிழமை அவளுக்கு ஆறு பந்து போட்டார்கள். முதலாவதை விட்டாள். மற்ற ஐந்தும் மட்டையின் நடுவில் பட்டன. கடைசிப் பந்து வேலியைத் தாண்டியது. பயிற்சியாளர் அம்மாள் அங்கேயே அவள் பெயரை எழுதிக்கொண்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். தையற்காரர் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"இவங்க அப்பாதான், வாரம் பூரா சொல்லிட்டே இருந்தார்" என்றாள் மனைவி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு, "ஜன்னல்லேர்ந்து நான் சொன்னதுல எதும்மா ரொம்ப உதவுச்சு?" என்றார்.

பிள்ளை திகைத்து நின்றாள். "சொன்னீங்களாப்பா? நீங்க பாட்டுப் பாடிட்டே தைக்கறீங்கன்னுல்ல அம்மா சொன்னாங்க."