குற்றமற்ற வேலாயுதம்

"என்கிட்ட இன்னைக்கும் குத்தம் எதுவும் இல்லீங்க," என்றார் வேலாயுதம்.

வட்டமாக உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

நீ சூன் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்த இல்லத்தில், அபின் பழக்கத்தை விட வந்த ஆண்கள் தங்கியிருந்தார்கள். சமையல், துணி துவைப்பது, தோட்டம் கொத்துவது எல்லாம் அவர்களேதான். தினமும் காலையில் வட்டம் கூடும். முந்தைய நாள் செய்த தப்பை ஒவ்வொருவரும் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் காப்பி.

"பன்னெண்டு நாளா இதையேதான் சொல்றீங்க," என்றார் வார்டன் சுந்தரம். அவரும் ஒரு காலத்தில் அபின் பிடித்துத் தெளிந்தவர். அவரிடம் யாருடைய ஜம்பமும் சாயாது. "குத்தமே இல்லாதவரு இங்க எதுக்கு வர்றாரு? எதையோ மறைக்கிறீங்க லா. நாளைக்கு உங்க லீவு சீட்டுக்கு வட்டம் கை தூக்கணும். மனசைத் தொறக்காதவருக்கு யாரு தூக்குவா?"

வெள்ளிக்கிழமை வேலாயுதத்தின் ஒரே மகள் லட்சுமிக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டாமா?

மறைப்பது உண்மைதான். ஆறு மாதத்துக்கு முன் அவர் இங்கே சேர்ந்த பிறகு, மனைவி பூவம்மா தனியாகவே மாப்பிள்ளை பார்த்து முடித்தாள். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்ட சம்பந்தி வீட்டாரிடம், ராங்கூன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று கூசாமல் சொல்லிவைத்தாள். அது அவருக்கே பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் தெரிந்தது. வட்டத்தில் அதைச் சொன்னால் பதினான்கு வாய்க்குத் தெரியும். பதினான்கு வாய்க்குத் தெரிந்தது சம்பந்தி வீட்டார் இருக்கும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? கல்யாணம் நின்றுவிடும். எப்படியும் அது பூவம்மா சொன்ன பொய், தம் தலையில் விடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இல்லாத குற்றத்தை இட்டுக்கட்டவும் வழியில்லை. வட்டத்தில் கதை விட்டவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே இன்றைக்குள் நிஜமாகவே ஒரு தப்புச் செய்தாக வேண்டும். பெரிதாக வேண்டாம், கைக்கு அடக்கமாக ஒன்று போதும்.

மதியம் சமையலறைக்குள் நுழைந்து, சட்டியிலிருந்து இரண்டு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சமையல் பொறுப்பிலிருந்த அப்துல் முத்தலிப் திரும்பிப் பார்த்தார்.

"திருடிட்டேன்!" என்றார் வேலாயுதம் பெருமையாக.

"அல்ஹம்துலில்லாஹ்! ஆறு மாசமா கோழி மாதிரி கொத்திக்கிட்டிருந்தீங்க. இப்பத்தாண்ணே பசி வந்திருக்கு!" முத்தலிப் மூன்றாவது துண்டையும் எடுத்து ஊட்டியே விட்டார்.

திருட்டு விருந்தாகிவிட்டது. சரி, வேலையில் ஏய்ப்போம் என்று மண்வெட்டியை வீசிவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்தார். அவர் பங்குப் பாத்தியை இரண்டு பேர் ஓடிவந்து கொத்தி முடித்தார்கள். மூன்றாவது ஆள் மருந்து கொடுக்கும் டிரெஸரைக் கூட்டி வந்துவிட்டான்.

"வேலாயுதம் அண்ணன் சும்மா படுக்கிற ஆளில்ல, சார். உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு."

உள்ளுக்குள் இருந்ததை வெளியேற்ற டிரெஸர் ஒரு பெரிய கரண்டி விளக்கெண்ணெய் புகட்டினார். அன்று மாலைவரை வேலாயுதத்துக்குத் தப்புச் செய்ய நேரமே கிடைக்கவில்லை.

பொழுது சாயும் வேளையில், தளர்ந்த கால்களோடு ரவூப்பைத் தேடிப் போனார். வட்டத்திலேயே முரட்டு ஆள். வாயைக் கொடுத்தவன் பல்லோடு திரும்பியதில்லை.

"ஏண்டா ரவூப், உன் மூஞ்சிக்கு இவ்வளவு கோவம் ஒரு கேடா? இப்படியே வீட்டுக்குப் போனா உம் புள்ளைங்க பயந்து ஓடிரும்டா!"

ரவூப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நெருங்கினான். அடிதடி! முதல் தரமான குற்றம்! வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தார். ரவூப் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினான்.

"எங்க அத்தா மவுத்தாகிப் போய்ச் சேந்தப்புறம் என்னை உரிமையாத் திட்ட ஆளே இல்லண்ணே!"

மறுநாள் வட்டத்தில் முத்தலிப் அவரைப் புகழ்ந்தார். ரவூப் அவரைப் புகழ்ந்து அழுதான். வேலாயுதத்தின் முறை வந்தது.

"குத்தம் பண்ணத்தான் பாத்தேன். நடக்கல," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரம் சிரிக்கவில்லை. "அப்ப சீட்டு இல்ல. அடுத்தவர்."

அடுத்தவர் முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்த புது ஆள். மூலையில் கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். முதல் வட்டத்தில் தாமாகச் சொல்லும்வரை புது ஆளிடம் பெயர்கூடக் கேட்பதில்லை என்பது இல்லத்து வழக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் வேலாயுதம் எழுந்துவிட்டார். மணவறையில் லட்சுமி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது போல அவர் கண்ணில் தெரிந்தது.

"இருங்க, நான் சொல்லிடுறேன். என் சம்பந்தி பஃபலோ ரோட்டு மாவு மில் மாணிக்கம். நான் அவரு முகத்தைக்கூடப் பாத்ததில்ல. ரொம்பக் கௌரவமான மனுஷன்னு கேள்வி. அவருகிட்ட நான் கப்பல்ல இருக்கேன்னு பொய் சொல்லியிருக்கோம். அபின்காரன்னு தெரிஞ்சா எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. பொய்யி பூவம்மா சொன்னது, ஆனா பயந்து ஒளிஞ்சுக்கிட்டது நான். தாலி ஏறுறதுக்கு முன்னால நானே போய் அவரு கால்ல விழுந்து உண்மையைச் சொல்லணும். அதுக்காவது சீட்டுக் குடுங்க!"

குழந்தை மாதிரி அழுதார். பதினான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. சுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவே கிளம்புங்க. பத்து மணி பஸ்ஸைப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள மில்லுக்குப் போயிடலாம்."

மூலையிலிருந்த கம்பளி மெல்ல விலகியது.

"மில்லுக்குப் போவாதீங்க, சம்பந்தி," என்றார் புது ஆள். "நான் கூறைப்பட்டு எடுக்கப் பினாங்கு போயிருக்கேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. எனக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடுங்களேன்."