ஆண்டவர் தொட்ட குழாய்

துண்டு மாட்டும் கம்பி காய்ந்துவிட்டது. ஷவர் காய்ந்துவிட்டது. வெந்நீர்க் குழாய்கூடக் காய்ந்துவிட்டது. அதே வாஷ்பேசினில், அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த பச்சைத்தண்ணீர்க் குழாய் மட்டும் காயவில்லை.

கஸ்பார் மறுபடியும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் பொன்னிறமாகத் திரும்பி வந்தது. குழாயின் மேல் அவருடைய ரேகை, பத்திர ஆபீசில் உருட்டியது போல அச்சாக விழுந்திருந்தது.

"ஒரே டப்பா பெயின்ட், ஒரே கை, ஒரே நாள்ல அடிச்சது. இது மட்டும் ஏன் இப்படிக் கெடக்கு?"

"ஒரே வயித்துல பொறந்ததுகளே ஒண்ணு போல இருக்க மாட்டேங்குது," என்றாள் வாசலில் நின்ற அவர் மனைவி தெரசம்மாள். "உங்க தம்பியப் பாருங்க."

கஸ்பார் அந்தச் சூசையப்பர் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவர் வேலை. வில்பட்டிக்கு மேலே மலையில், காரட்டுத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தக் கோயிலுக்கு எல்லாம் இருந்தது, சாமியார் மட்டும் இல்லை. டவுன் பங்குக் கோயிலிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். பாதையில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவுப் பூசை மறுநாள் மத்தியானம் நடந்தது. கஸ்பாரின் மூத்த மகள் கல்யாணத்தில், சாமியார் வந்து தாலியை மந்திரிப்பதற்குள் இரண்டு பந்தி பிரியாணி முடிந்து, மொய் எழுதியவர்கள் பாதிப்பேர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இரண்டாவது மகள் ஆக்ஸிலியாவுக்குத் தை மாதம் கல்யாணம். இந்தத் தடவையாவது பந்திக்கு முன்னால் தாலி ஏற வேண்டும் என்பதுதான் கஸ்பாரின் ஒரே ஜெபம்.

அதற்கு வழியும் பிறந்திருந்தது. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கு நடத்த, மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வருகிறார். ஊருக்கென்று தனிச் சாமியார் வேண்டும் என்ற மனுவுக்கு, "அறைவீட்டைப் பார்க்கிறேன். ஒருவர் தங்குகிற மாதிரி இருந்தால் யோசிக்கலாம்," என்று சொல்லி அனுப்பியிருந்தார். அறைவீடு என்பது கோயிலை ஒட்டிச் சாமியார் தங்குவதற்கான வீடு. ஊர் கூடி அதற்கு ஓடு மாற்றியது, சுண்ணாம்பு அடித்தது. பாத்ரூமுக்கு வரும்போது ஊர் களைத்துவிட்டது. குழாய்களில் குரோம் உரிந்து, கழுத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

"பாத்ரூம் என் பொறுப்பு," என்று கூட்டத்தில் எழுந்து நின்றவர் கஸ்பார்தான்.

அந்தத் துணிச்சலைக் கொடுத்தது, கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் செலினா டீச்சர் காட்டிய வீடியோ. அதில் ஒரு கோயம்புத்தூர் அம்மாள், பழைய குழாய்களுக்கே ஸ்பிரே பெயின்ட் அடித்து, பாத்ரூமைக் கறுப்பில் ஜொலிக்க வைத்திருந்தார்.

"கறுப்பா? சாமியார் வீட்டுல துக்கம் விழுந்த மாதிரி இருக்குமே டீச்சர்."

"வேற கலர் அடிங்கண்ணே. முறைதான் முக்கியம்."

கஸ்பாரிடம் வேறு கலர் இருந்தது. திருவிழாச் சப்பரத்துக்கு அடித்தது போக மிஞ்சிய பொன்னிற ஸ்பிரே டப்பாக்கள்.

முறையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. குரோம் கண்ணாடி போல வழவழப்பானது, பெயின்டுக்குக் காலூன்ற இடம் கொடுக்காது. அதனால் முதலில் எலுமிச்சம்பழத்தால் களிம்பைத் தேய்த்து எடுத்தார். பிறகு உப்புத்தாளால் உரசி, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களை உண்டாக்கினார். பெயின்ட் பிடித்துக்கொள்வது அந்தக் கீறல்களில்தான். சுற்றிலும் பேப்பர் ஒட்டி, ஒரு முழம் தள்ளி நின்று, மெல்லிசாக அடித்தார். எல்லாம் பொன்னாகின. ஃப்ளஷ் கைப்பிடிகூட.

"உள்ள போனா சப்பரத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு," என்றாள் தெரசம்மாள். "குளிக்கிறவரு கும்பிடு வாங்கணுமா, கொடுக்கணுமா?"

ஆனால் அந்த ஒரு குழாய் காயவில்லை. புதன்கிழமை அதன் மேல் இன்னொரு பூச்சு அடித்தார் கஸ்பார். அது தப்பு. பெயின்ட் காய்வது என்றால் அதிலுள்ள திரவம் ஆவியாகி வெளியேறுவது. அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போது மேலே இன்னொன்றைப் போட்டால், பால்மேல் ஆடை படிந்த மாதிரி மேல்பக்கம் மட்டும் இறுகி, உள்ளே இருப்பதை வெளியே விடாது. குழாய் இப்போது தொட்டால் அமுங்கியது.

"பனிதான் காரணம்," என்றார் செலினா டீச்சர். தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, குழாய்க்குத் தலை துவட்டுவது போல ஊதினார். சூட்டில் மேல் ஆடை விரிந்தது, டிரையரை நிறுத்தியதும் சுருங்கியது. பாயச ஆடை போலக் குழாய் முழுக்கச் சுருக்கம்.

"ஆன்டீக் லுக் வந்துருச்சுண்ணே," என்று சொல்லிவிட்டு டீச்சர் வெரசாக வீட்டுக்குப் போனார்.

"பனின்னா, துண்டுக் கம்பியும் அதே பனியிலதானே தொங்குது?" என்று கஸ்பார் குழாயிடமே கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் புது யோசனை வந்தது. வீட்டில் வேறு கணப்பு இல்லை. கோயிலில் இருந்தது. தூபக்கலசத்தில் கரி போட்டுக் கனிய விட்டு, டப்பாக்களை வெளியே தூக்கி வைத்து, ஜன்னலைத் திறந்து, கலசத்தைக் குழாய்க்கு நேர் கீழே சங்கிலியில் தொங்கவிட்டார். ஆனால் கலசத்தின் அடியில் பழைய சாம்பிராணி ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. புகை எழுந்தது, சாம்பல் பறந்தது. ஒட்டுகிற ஒரே இடத்தைத் தேடிப் போய் ஒட்டியது.

தெரசம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "பாத்ரூம்ல என்ன, பாடற்பூசையா நடக்கு?"

"காய வைக்கேன் புள்ள."

"காயுதா?"

"நரைக்குது."

நரைத்த குழாயை மறைக்க இருந்தது ஒரே வழி. சனிக்கிழமை வெள்ளனே எழுந்து டப்பாவில் இருந்த கடைசிச் சொட்டு வரை அதன் மேலேயே அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் புதுக் குழாய். கிட்டத்தில் பார்த்தால் தேன்கூடு.

"ஆண்டவர் தொடாம இருக்கணும், அவ்வளவுதான்," என்று கஸ்பார் திட்டம் போட்டார். ஊரில் ஆயரை ஆண்டவர் என்றுதான் சொல்வார்கள். "நீ செம்புல வெந்நீரும் துண்டுமா நில்லு. வாசல்லயே கை கழுவ விட்ருவோம்."

கார் வந்தது. மேளம் அடித்தது. டிரைவர் பொன்னுவேல் இறங்கிக் கதவைத் திறந்தார். அவர் பழனிக்காரர், நெற்றியில் திருநீறு.

"ஆண்டவரைப் பத்திரமாக் கூட்டியாந்தீங்களா?" என்று கஸ்பார் குசலம் விசாரித்தார்.

"எனக்கு ரெண்டு ஆண்டவருங்க அண்ணே. ஒருத்தர் எங்க ஊரு மலை மேல நிக்காரு. இன்னொருத்தர் பின்சீட்ல உக்காந்து, வளைவுக்கு வளைவு 'மெதுவாப் போ'ங்காரு. ரெண்டு பேருக்கும் பயந்துதான் ஓட்டுறேன்."

இந்த நேரத்தில் ஆயர் தெரசம்மாளையும் செம்பையும் கடந்து, "கை கழுவிட்டு வந்துர்றேம்மா," என்று பாத்ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"தாழ்ப்பாளும் போட்டுட்டாரு!" என்று தெரசம்மாள் கிசுகிசுத்தாள்.

"வெந்நீரைத் தொறப்பாரு. அது காஞ்ச குழாய். ஒண்ணும் ஆகாது."

"கீசரைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு வச்சிருக்கீங்களே, கூடப் பச்சைத்தண்ணியைத் தொறக்காமக் கையை வேக வைப்பாரா?"

கஸ்பார் கண்களை மூடிக்கொண்டார்.

ஆயர் வெளியே வந்தபோது வலது கையைச் சற்று விலக்கிப் பிடித்திருந்தார். அதை ஒருமுறை பார்த்தார், கஸ்பாரை ஒருமுறை பார்த்தார். பவனி கிளம்ப மணி அடித்துவிட்டது. கோயிலுக்கு நடந்தார்.

உறுதிபூசுதலில் ஆயர் வலது கட்டைவிரலைத் தைலத்தில் தொட்டு, பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவார். அரைகுறையாக ஒட்டியிருக்கும் பெயின்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. எண்ணெய் பதமாக இளக்கிவிடும். தைலம் எண்ணெய்தான்.

முதல் பையன் திரும்பினான். நெற்றியில் சுத்தத் தங்கத்தில் ஒரு சிலுவை.

கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்தது. இரண்டாவது பிள்ளைக்கும் தங்கச் சிலுவை. மூன்றாவதுக்கும். தாய்மார்கள் எழுந்து நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். "டவுன்ல கூட இப்படிப் போடலையாம்," என்றது ஒரு குரல். ஆயர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வரைந்துகொண்டே போனார். ஆனால் விரலில் இருந்த பொன்னுக்கு அளவு உண்டு. வரிசை நீள நீளச் சிலுவை மங்கியது. கடைசிப் பெண்ணுக்கு வெறும் தைலம்தான்.

அவள் அம்மா செலினா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "எம் மகளுக்கு மட்டும் ஏன் டீச்சர் விழலை? இன்னொருக்காப் போடச் சொல்லுங்க."

"உறுதிபூசுதல் வாழ்க்கையில ஒரு தடவைதாங்க்கா."

"அப்ப மொதல்லயே வரிசையில முன்னால நிப்பாட்டியிருக்கணும்ல?"

பூசை முடிந்ததும் ஆயர் கஸ்பாரைக் கூப்பிட்டார். "வாங்க கஸ்பாரு. பாத்ரூமைப் பாப்போம்."

கஸ்பாருக்கு ஆக்ஸிலியாவின் கல்யாணப் பந்தி கண்முன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை கழுவுகிறார்கள், சாமியார் இன்னும் வரவில்லை.

ஆயர் குனிந்து குழாயை உற்றுப் பார்த்தார். "இதுல என்ன, சாம்பலா?"

"தூபம் காட்டினேன் ஆண்டவரே."

"குழாய்க்கா?"

"காய வைக்க."

"வெந்நீர்க் குழாய் நல்லாக் காஞ்சிருக்கே?"

"அதுதான் ஆண்டவரே எனக்கும் புரியலை. ஒரே டப்பா, ஒரே கை."

ஆயர் ஷவரைத் திருகினார். சுவருக்குள் ஏதோ முனகியது, தண்ணீர் வரவில்லை. ஃப்ளஷை அழுத்தினார். நிற்காமல் ஓடியது.

"உள்ள மிதவை சிக்கிக்கும் ஆண்டவரே. ஒரு தட்டுத் தட்டினா நிக்கும்." கஸ்பார் தட்டினார். பொன்னிறக் கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

"வேற என்னென்ன ரிப்பேர் இருக்கு?"

கஸ்பார் எதை வேண்டுமானாலும் செய்வார், ஆயரிடம் பொய் சொல்ல மாட்டார். கீசர் ஃபியூஸைப் பிடுங்குவது, பேசினுக்கு அடியில் வாளி வைத்திருப்பது, மோட்டார் உறுமுவது எல்லாவற்றையும் கொட்டினார். தெரசம்மாள் பின்னால் நின்று கிள்ளினாள். கிள்ளக் கிள்ளக் கோயில் மைக் செட் கரகரப்பதையும், மணிக்கூண்டில் கப்பி சிக்குவதையும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஆயர் புருவம் மேலே ஏறியது.

"பொன்னுவேலு, எல்லாத்தையும் போட்டோ எடு. அந்தக் குழாய் சங்கதியையும் சொல்லி அனுப்பிவிடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"போட்டோ வேற எடுத்தாச்சு," என்றாள் தெரசம்மாள். "மனுவோட சேத்து ஊசி குத்தி வச்சிருவாக."

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கஸ்பார் மட்டும் அறைவீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். பொன்னுவேல் இலை முடித்துவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே, சாப்பிடலையா?"

"எறங்கலை தம்பி. ஊருக்கு ஒரு சாமியார் வரவேண்டியது. நானே கெடுத்துட்டேன். எம் மக கல்யாணம் பழையபடி பந்திக்கு அப்புறந்தான்."

"கெடுத்தீங்களா?" பொன்னுவேல் சிரித்தார். "ஆண்டவர் ஒரு சாமியாரை வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையறாருங்க. நல்ல பங்கு எத்தனையோ கொடுத்துப் பாத்தாச்சு. போய்ச் சேந்த கொஞ்ச நாள்லயே 'இங்க எல்லாம் ஒழுங்கா ஓடுது, எனக்கு இருப்புக் கொள்ளலை'ன்னு மாத்தல் கேட்டு வந்துருவாரு. போன ஊர்ல நல்லா ஓடின மோட்டாரையே பிரிச்சுப் போட்டுட்டாரு. ஆண்டவர் சொல்லி, இந்தப் போட்டோவெல்லாம் அவருக்குத்தான் அனுப்பியிருக்கேன்."

அவர் கையில் இருந்த போன் சிணுங்கியது. பொன்னுவேல் அதைக் கஸ்பாரின் காதருகே பிடித்து, வந்திருந்த குரல் செய்தியைத் தட்டினார். ஸ்பானரைக் கீழே வைத்த சத்தத்தோடு ஒரு குரல் ஆனந்தமாகக் கேட்டது:

"ஆண்டவரே, இவ்வளவு சோலி கெடக்கிற ஊரை இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லலை? நான் திங்கக்கிழமையே பெட்டியோட வந்துர்றேன், அதுவரைக்கும் அந்தக் கோயில்பிள்ளைகிட்ட சொல்லி வைங்க: உள்ள குளுந்த தண்ணி நிக்கிற குழாய்க்கு வெளிய வேர்க்கும், வேர்க்கிற குழாய்ல பெயின்ட் காயாது, மேல வால்வை அடைச்சு, குழாயைக் காலி பண்ணி, நல்லாத் தொடச்சுட்டு அடிச்சாப் போதும்."