அண்ணனின் கட்டிலில் நான் படுத்த விவரம்

மார்கிலான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஷுஹ்ரத்துக்கு, அப்பா மிர்ஜோஹித் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். புரூக்ளினில் நீயும் அம்மாவும் மருமகளும் பேரனும் நலம் என நம்புகிறேன். இங்கும் எல்லோரும் நலம். அதில்தான் சிக்கலே.

உன் பெரியப்பா எர்காஷ் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லித்தானே ஓடி வந்தேன்! அவர் கண்மூடினால் வருடம் முழுக்கக் கல்யாணம் கூடாதே என்று பேத்தியின் கல்யாணத்தை அவசரமாக வைத்தார்கள். கொம்பு ஊதியதும் பெரியப்பா எழுந்து ஆடினார். அன்றிலிருந்து நான் பெட்டியைத் தூக்கினால் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. கீழே வைத்தால் பலாவ் கேட்கிறார். புறப்படும்போது நான் கடித்துக் கொடுத்த ரொட்டியை, திரும்பும்வரை இருக்கட்டும் என்று அண்ணி சுவரில் மாட்டுவார். இப்போது மூன்று தொங்குகின்றன. நான் இன்னும் வாசலையே தாண்டவில்லை.

ஆனால் வியாழக்கிழமை விமானம் உறுதி! அமெரிக்காவுக்கு வெளியே ஒரு வருடம் தங்கிவிட்டால் கிரீன் கார்டு போய்விடலாம், அப்புறம் உன் அம்மா அங்கே, நான் இங்கே என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இத்தனை நாள் தங்கியதற்குக் காரணம் காட்ட வக்கீல் கேட்ட பெரியப்பாவின் மருத்துவச் சீட்டுகளைத் தேதிவாரியாகத் தைத்துவிட்டேன். பெரியப்பா படுக்கையில் இருக்கும் படம்தான் பாக்கி. இன்று அவருக்குக் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்ததால் கேட்டேன்.

"டேய், உயிரோட இருக்கும்போதே என்னை மய்யித்து மாதிரி படம் எடுக்கப் பாக்கறியா? தொப்பியக் கொண்டா, உக்காந்துதான் எடுப்பேன்!"

"ஒரு நிமிஷம் படுங்கண்ணா. அமெரிக்காவுல கேக்கறாங்க."

"அமெரிக்காவ இங்க வந்து பாக்கச் சொல்லு!"

எப்படிப் படுப்பது என்று காட்டினால் புரியுமோ என்று நானே அவர் கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். "தம்பி, இது உங்களுக்குத்தான் நல்லாப் பொருந்துது" என்று அண்ணி சிரித்தார். அண்ணன் மருமகள் நிலூபர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டாள். அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டாள். பெரியப்பா படத்தை இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். கையில் முலாம்பழக் கீற்று இருக்கிறது. வக்கீலிடம் என்ன சொல்வதோ, நீயே யோசி.

நான் வருவதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. நானே வந்து கதவைத் தட்டுகிறேன். உன் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்க துவா செய்யும்,

அப்பா

பி.கு.: நிலூபர் படத்தை அழிக்கும் முன்பே குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டாளாம். உன் அம்மா விமான நிலையத்திலிருந்து பெரியப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாள், எடுத்தது நான்.

"அண்ணா, அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

"முயஸ்ஸர், நான்தான் பேசறேன்!"

"என்னைத் தேத்தறதுக்காக அவரு மாதிரி பேசாதீங்கண்ணா" என்று அழுதுகொண்டே விமானம் ஏறிவிட்டாள். வியாழன் காலை இறங்குகிறாள், என் விமானம் கிளம்பும் நேரத்தில். ஆகவே என் டிக்கெட்டை ரத்து செய்து, ஞாயிறன்று இருவருக்கும் சேர்த்து இடம் போடு. வருடம் முடிய அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. உன் அம்மா பக்கத்தில் நின்றால் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலிக்கத் துணிச்சல் வராது. இப்போது என் கவலையெல்லாம், பார்த்தவுடன் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்பதுதான்.