சாட்சிக்கு வந்தவள்

எனக்குக் கோபம் வந்தால் நான் மனிதனாக இருக்க மாட்டேன். கல்யாணமான புதிதிலேயே இதை என் மனைவியிடம் சொல்லி வைத்தேன். "அப்போ கோபம் வராதப்ப?" என்று கேட்டாள். அன்று ஏறிய கோபம், இருபத்திரண்டு வருஷமாகியும் இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அது உச்சந்தலைக்கே போய்விட்டது. எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில், ஒரே வருஷத்தில் இருநூறு வகைப் பறவைகளைப் பார்த்தவருடைய படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். நான் நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றேன். கணக்கு முடிய அன்று ஒருநாள்தான் பாக்கி. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சர்வேயர், அவர்தான் சங்கச் செயலாளர், மூன்று வருஷமாக அந்தச் சுவரில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் என் சிரிப்பும் தொங்காமல் எனக்குத் தூக்கம் கிடையாது.

சர்வேயர் போட்ட விதி ஒன்று உண்டு. பறவையை முதலில் கண்டவர் ஒருவர், கூட நின்று பார்த்த சாட்சி ஒருவர், இருவரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பறவை கண்டவர் கணக்கில்தான் சேரும். சாட்சிக்கு ஒன்றும் கிடையாது. என் வழக்கமான சாட்சி ஒரு தையல்காரர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிற்றுப்போக்கு. வேறு வழியில்லாமல் மனைவியை அழைத்தேன். அழைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கெஞ்சினேன்.

கெஞ்சியதற்கு ஈடாகக் காரில் அதட்டினேன்.

"இதோ பார், நான் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தும்மல் வந்தா?"

"முழுங்கு."

"நானே ஏதாவது பறவையப் பாத்துட்டா?"

"நீயா? காக்காவையும் குயிலையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது உனக்கு!"

"சரிங்க."

அவள் அத்தனை சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடற்கரை என்று பேர்தான். மணல் கிடையாது, கத்தி கத்தியாகப் பாறை. அப்பால் ஆறு கடலில் சேருகிற கழிமுகம், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நான் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். அவளோ மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறுவது போல வந்தாள்.

"அத மடக்கு! இருக்கிற பறவையெல்லாம் ஓடிடும்!"

வாயைத் திறக்காமல் வெயிலைக் கையால் காட்டினாள்.

இரண்டு மணி நேரம் பைனாகுலரால் சேற்றைச் சலித்தேன். எல்லாம் பழைய கொக்குகள். அவள் என் சட்டைக் கையை இழுத்தாள். "சும்மா இரு!" என்றேன். மறுபடி இழுத்தாள். "வீட்லதான் நிம்மதி இல்ல, இங்கயுமா?" என்று கத்தினேன். சேற்றில் நின்ற கொக்குகள் மொத்தமும் எழுந்து போயின. அதற்குப் பிறகு அவள் இழுக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என்னவோ எழுதினாள். மளிகை லிஸ்ட் என்று நினைத்தேன்.

கழுத்து வலித்து பைனாகுலரை இறக்கினேன். இருபதடி தூரத்தில், பாறை மேல், அது! கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நீளமான சிவப்பு அலகு. சிப்பியைக் குத்திக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலை அது சட்டையே செய்யவில்லை. வீட்டிலும் எனக்கு அதே மரியாதைதான்.

"பாத்தியா? வாயத் தொறந்து சொல்லு!"

"அரைமணி நேரமாப் பாத்துக்கிட்டிருக்கேங்க."

"ஏன்டி சொல்லல?"

"நீங்கதான வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க?"

கடலில் பிடித்துத் தள்ளலாமா என்று வந்தது. தள்ளினால் சாட்சி போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பேரத் தவிர எல்லாம் எழுதிட்டேன். இது பேரு என்னங்க?"

"சிப்பி பிடிப்பான்!"

எழுதித் தாளை நீட்டினாள். பைனாகுலர் இடிக்கும் என்று மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டிருந்தேன். அவள் விரல் வைத்த இடத்தில், இருந்த ஆத்திரத்துக்குத் தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டேன். பறவையோடு தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துத் தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சர்வேயர் தாளை எடுத்தார்.

"சிப்பி பிடிப்பான். நம்ம சங்கத்துல இதுவரைக்கும் யாருமே பாக்காத பறவை. கண்டவர், உங்க வீட்டம்மா. சாட்சி, நீங்க."

"அவ உறுப்பினரே இல்லையே!" என்று துள்ளி எழுந்தேன்.

"போன மாசமே சேந்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் மஞ்சள் குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் தொறக்க நீங்க எங்க விட்டீங்க?" என்றாள்.

அபூர்வப் பறவை, உடனே படம் மாட்ட வேண்டும் என்று எல்லாரும் கை தட்டினார்கள். நான் எடுத்த படம் ஏற்கெனவே சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. சுத்தியலை யாரோ என் கையில் திணித்தார்கள்.

"கோபத்தையெல்லாம் ஆணி மேல காட்டுங்க. சுவர் பாவம்," என்றாள்.

நான்கே அடியில் ஆணி இறங்கிவிட்டது.