நொறுங்கிய வண்டிக்குச் சிவப்பு வர்ணம்

சுங்கச் சாவடி வாசல்,
ஆற்றின் குவாத்தமாலாக் கரை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் எலிசாண்ட்ரோவுக்கு, அக்கா புருஷன் ரெஹினால்டோ எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம். ஹூஸ்டனில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதா அருள்வாளாக. நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக, மச்சான். உண்மையில் உன் வண்டியோடு சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏலத்தில் நீ எடுத்த நொறுங்கின மோட்டார் சைக்கிளை டிரைவர் ஒடிலியோ தன் பிக்கப்பில் ஏற்றி, மெக்சிகோ முழுக்கக் கடந்து, அக்கரையில் பத்திரமாக ஒப்படைத்தான். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நம் ஊர் உனக்குத் தெரியாதா? வடக்கிலிருந்து வண்டி வந்தால் முற்றத்தில் பைன் இலை பரப்பி, வாணம் விட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளிக்க வேண்டும். கோணின ஹேண்டிலோடு அது வந்து நின்றால் எதிர்வீட்டு ஒராலியா, "மச்சான் அனுப்பினது வண்டியா, பேரீச்சம்பழத்துக்குப் போடற இரும்பா?" என்று மானத்தை வாங்கிவிடுவாள். அதனால் அக்கரைப் பட்டறையிலேயே நிமிர்த்தி, பட்டி பார்த்து, செக்கச்செவேலென்று வர்ணம் அடித்துத்தான் பாலம் தாண்டினேன்.

இங்கே ஆய்வாளர் பத்திரத்தைப் பார்க்கிறார், வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏன்யா, டெக்சாஸ் பத்திரத்துல நொறுங்கின கறுப்பு வண்டின்னு முத்திரை குத்தியிருக்கு. அதாவது பொணம். நீ நிறுத்தியிருக்கறது புதுமாப்பிள்ளை. யாரு வண்டியத் திருடின?" "அதே வண்டிதான் ஐயா, வைத்தியம் பாத்தேன்." "அப்ப சேசிஸ் நம்பரக் காட்டு." குனிந்து பார்த்தால், நம்பர் மேலேயே பட்டியை மெழுகித் தொலைத்திருக்கிறான் அந்தப் பட்டறைப் படுபாவி! "சொரண்டுய்யா," என்றார். நாளைக்கு ஊரே கூடப்போகிறது, புது வர்ணத்தை எந்தக் கையால் சுரண்டுவது? மாட்டேன் என்றேன். "அப்ப மாசக் கடைசிக்குள்ள ஆதாரம் கொண்டா. இல்லேன்னா வண்டி அரசாங்கத்துக்கு."

உன் மருமகள் டெல்மிக்கு மலைமேல் மருத்துவச்சி வேலை கிடைத்திருக்கிறது. பஸ் ஏறாத ஊர்கள். சொந்த வண்டி இருந்தால்தான் முதல் தேதி சேர்த்துக்கொள்வார்கள். வண்டி போனால் வேலையும் போச்சு. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, வண்டி எனக்கா, ஒராலியாவுக்கா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

நீயோ போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். ஒடிலியோ இப்போதே ஹூஸ்டன் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். கண்டதும், கட்டின துண்டோ கால்சட்டையோ, அப்படியே ஓடிப்போய் ஏலக்காரனிடம் வண்டி நொறுங்கிக் கிடந்த போட்டோவை வாங்கி அனுப்பு. காலில் விழவும் தயார், வயதில் சின்னவனாயிற்றே என்றுதான் பார்க்கிறேன்.

எஸ்கிபுலாஸ் சாமி உன் குடும்பத்தைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ரெஹினால்டோ

பி.கு.: போட்டோ வேண்டாம். கையெழுத்துப் போடும்போதே கர்ர் கர்ரென்று சத்தம். பார்த்தால் டெல்மி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நம்பர் மேலிருந்த பட்டியைச் சுரண்டுகிறாள். நம்பர் ஒத்துப்போயிற்று. டேங்கையும் சுரண்டினாள், உள்ளே கறுப்பு. "நொறுங்கின மாதிரி இல்லியேம்மா," என்று ஆய்வாளர் இழுத்தாரோ இல்லையோ, விட்டாள் பார் ஓர் உதை! வண்டி சாய்ந்து விளக்கு தூள், ஹேண்டில் பழையபடி கோணல். "இப்பத்தான்யா இது பத்திரத்துல இருக்கற வண்டி," என்று முத்திரையைக் குத்திவிட்டார். உரிமைப் பத்திரம் டெல்மி பேரில். அழுதுகொண்டே சிரிக்கிறாள், நானும்தான். "இனிமே இதத் தொட்டுப் பாருங்க, அப்பறம் இருக்கு," என்கிறாள். தொடமாட்டேன். முன்விளக்கு ஒன்று மட்டும் அனுப்பு, மச்சான். மலையில் பிள்ளைகள் ராத்திரியில்தான் பிறக்கின்றன.